நன்றியுரையில் இருந்த பெயர்

வக்கீல் நோட்டீஸ் வந்தது ஆண்டிச்சாமிக்கு. சோறு இறங்காமல் போனது ஜெயசித்ராவுக்கு. இதை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்; வேறு எந்தப் பக்கம் பிடித்தாலும் பிடி நிற்காது.

ஜெயசித்ராவுக்கு நாற்பத்து நாலு வயது. செட்டியார்பட்டியில் அவள் அப்பா அவள் பேரில் எழுதிவைத்துப் போன வீட்டில் இருக்கிறாள். கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். கடையில் நாற்காலி உண்டு. அதில் வந்தவர்கள்தான் உட்காருவார்கள். அவள் நின்றுகொண்டே போனைப் பிரிப்பாள், நடந்துகொண்டே பேசுவாள், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் வாசலுக்கு இரண்டு தடவை போய்வருவாள். சும்மா இருக்க முடியாத பிறவி.

அப்படிச் சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்ததுதான் தோப்புமணி. ஆறு வருசம் ஆகிறது. மலையடிவாரத்தில் மா, தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு ஆனை வருவது புதிது இல்லை. வேலியோரம் ஒரு கம்பி, கம்பியில் கையகலக் கருவி, கருவிக்குள் ஒரு சிம். கம்பி அசைந்தால் தோப்புக் காவல்காரரின் போன் அடிக்கும். கருவி எந்தக் கடையிலும் கிடைக்கும். எப்போது அடிக்க வேண்டும், யாருக்கு அடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிற ப்ரோக்ராம்தான் தோப்புமணி. அதை அவள் விற்கவில்லை. இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து வைத்தாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிப் பார்க்கலாம், மாற்றியது நன்றாக இருந்தால் திருப்பி அனுப்பலாம். அனுப்பியதைப் பார்த்து, சரி என்று ஒரு பட்டனை அமுக்கினால் அது எல்லாத் தோப்புக்கும் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் சம்பளம் கிடையாது. எழுபது எண்பது தோப்புகளில் அது ஓடியது. அடிவாரத்தைப் பார்த்தே இராத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் திருத்தி அனுப்பினார்கள்.

இப்படிப் பொதுவில் வைக்கும்போது, இதை நடத்துகிறவர் யார் என்று முகப்பில் எழுத வேண்டும். அங்கேதான் நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. தன் பேரைத் தானே முதலில் போட்டுக்கொள்வது எப்படி? கல்யாணப் பத்திரிகையில் பெண் பேருக்கு முன்னால் பெரியப்பா பேர் வரும். கோயில் கொடைவிழா நோட்டீசில் மைக்செட் கட்டுகிறவன் பேர் கடைசியில் வரும். ஜெயசித்ரா அதே வரிசையில் போட்டாள். தலைமை: ஹவில்தார் ஆண்டிச்சாமி, ஓய்வு. முன்னிலை: ஸுந்தரராஜன், தோப்பு உரிமையாளர், ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்குக் கீழே வரவேற்புரை, வாழ்த்துரை என்று எட்டுப் பேர். கடைசி வரியில், நன்றியுரை: ஜெயசித்ரா.

ஆண்டிச்சாமி பட்டாளத்தில் இருபத்து நாலு வருசம் இருந்துவிட்டு வந்தவர். அய்யனார் கோவில் போகிற பாதையில் அவருக்குத் தோப்பு. முதல் கம்பியை அங்கேதான் கட்டினாள். அவளுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. சித்தப்பா என்று கூப்பிடுவாள். பேரோடு நிற்கவில்லை. அந்த வெப்சைட் கணக்குத் திறப்பதற்கு ஒரு போன் நம்பர் கேட்டது. அவர் நம்பரையே கொடுத்தாள். ஒரு போட்டோ கேட்டது. தொப்பியும் மீசையுமாக அவர் நிற்கிற பட்டாளத்துப் போட்டோவை ஏற்றினாள். ஆக, ஆறு வருசமாக ஜெயசித்ரா ராத்திரி பகலாக அமுக்கிய ஒவ்வொரு பட்டனுக்கும் பக்கத்தில் ஆண்டிச்சாமியின் மீசைதான் நின்றது. ஜெயசித்ராவின் கடைக்கு வந்தால் தூசி தட்டும்போது கம்ப்யூட்டரைத் தொட்டிருப்பார். அவ்வளவுதான்.

வினை ஒரு பன்றியால் வந்தது. காட்டுப்பன்றி கம்பியை உரசினாலும் மணி அடிக்கும். ஒரே பன்றிக்கு ஏழு தடவை போன் அடிக்கிறது என்று தோப்புக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன், சென்னையில் வேலை பார்க்கிற வேதாந்த், அதற்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினான். ஒரு தடவை அடித்துவிட்டால் அரை மணி நேரம் மறுபடி அடிக்காது. பார்த்தவர்களில் மூன்று பேர் சம்மதக் குறியாகக் கட்டைவிரலைக் காட்டினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பழக்கம் இருந்தது. மூன்று பேர் காட்டினார்கள். இன்னொரு பழக்கமும் இருந்தது: எந்தத் திருத்தமாக இருந்தாலும் ஆண்டிச்சாமியின் தோப்பில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது. அன்றைக்கு நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வளையல் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்காமலே இன்னொரு கையால் ஜெயசித்ரா பட்டனை அமுக்கிவிட்டாள்.

ஒன்பதாம் நாள், செண்பகத்தோப்பில் ஸுந்தரராஜனின் மாந்தோப்பு. விடியற்காலை நாலரைக்கு மணி அடித்தது. காவல்காரர் விஜயபாண்டி எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பன்றி. திரும்பி வந்து படுத்தார். கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஆனை வந்தது. போன் வாயைத் திறக்கவில்லை. ஓலைக் கொட்டகையை ஆனை சாய்த்தபோது விஜயபாண்டியின் தொடை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம்.

அந்தத் திருத்தத்தை ஜெயசித்ரா அன்றைக்கே எடுத்துவிட்டாள். ஆனால் நோட்டீஸ் வந்துவிட்டது. ஆண்டிச்சாமி உறையைக் கடைக்குக் கொண்டுவந்து கண்ணாடி மேசை மேல் வைத்தார். தாங்கள் தலைமை ஏற்று நடத்தும் தோப்புமணி என்ற மென்பொருளில், தாங்கள் அனுமதித்த குறைபாடுள்ள மாற்றத்தினால், எங்கள் கட்சிக்காரர் விஜயபாண்டிக்கு நேர்ந்த கொடுங்காயத்துக்குத் தாங்களே பொறுப்பு; பதினைந்து நாளில் பதில் தராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு. அவள் வாசித்து முடிக்கும்வரை அவர் அட்டென்ஷனில் நின்றார்.

"அனுமதித்ததுன்னு போட்டிருக்கான். நான் எப்பம்மா அனுமதிச்சேன்?" என்றார்.

"நீங்க இல்ல சித்தப்பா. நான்."

"பேரு எம் பேருல்லா இருக்கு."

"பேரு உங்க பேரு. கை என் கை."

அவர் மீசையைத் தடவினார். "தலைமைன்னு போட்டுட்டா தலையக் குடுக்கத்தான் செய்யணும். நான் நின்னுக்கிடுதேன். நீ கடையப் பாரு." உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. கணவர் விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, பெரியவர் பேரில் வந்ததைப் பெரியவர் பார்த்துக்கொள்வார், அவருக்குப் பட்டாளத்து ஆட்கள் இருக்கிறார்கள், நமக்கு இந்த ஒரு வீடுதான் இருக்கிறது, நீ வாயைத் திறக்காமல் இரு என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வீடு அவள் பேரில்தானே இருக்கிறது. பொறுப்பு அவள் தலையில் விழுந்தால் கோர்ட்டின் கண் அந்த வீட்டின் மேல்தான் விழும். சொல்லாமல் இருந்தால், ஒரு சல்லிக்கும் சம்பந்தம் இல்லாத எழுபத்திரண்டு வயது மனுசர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த நாளெல்லாம் அவள் நடந்தாள். நிஜமாகவே நடந்தாள். கடையைத் திறந்து போட்டுவிட்டு காந்தி சிலை வரைக்கும் போவாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். ஒருவர் போனுக்கு இன்னொருவர் பேட்டரியை மாட்டிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் ஆண்டிச்சாமியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் காஞ்சனா என்று ஒரு வக்கீல் அம்மாள். சொல்வதைக் கடைசிவரை கேட்கிறவள் என்று பேர். காஞ்சனா முதலில் கேட்டது, தோப்புமணி என்பது சங்கமா, டிரஸ்டா, கம்பெனியா என்று. எதுவும் இல்லை என்றாள் ஜெயசித்ரா. கூட்டம் போட்டதுண்டா, தீர்மானம் எழுதியதுண்டா என்று கேட்டாள். கட்டைவிரல் காட்டுவோம் என்றாள் இவள்.

"அப்போ சட்டத்துக்கு முன்னால தோப்புமணின்னு ஒண்ணே கிடையாது. நீங்க ஒவ்வொருத்தரும்தான் இருக்கீங்க, தனித்தனியா. யாரை வேணும்னாலும் பிடிக்கலாம். முதல் பேரைப் பிடிச்சிருக்காங்க."

ஜெயசித்ரா முகப்பை போனில் காட்டினாள். காஞ்சனா மேலிருந்து கீழே படித்தாள். படிக்கப் படிக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "நோட்டீஸ் செலவைப் பாக்குறவரே முன்னிலையில இருக்காரே."

அது உண்மைதான்; விஜயபாண்டி பேரில் வந்த நோட்டீசுக்கு வக்கீல் வைத்தது ஸுந்தரராஜன் என்பது கோர்ட்டு வட்டாரத்துக்கே தெரியும். காவலுக்கு வைத்த ஆளுக்கு அடிபட்டால் முதல் கேள்வி வைத்தவரைத்தான் கேட்கும். ஸுந்தரராஜன் அந்தக் கேள்வியைத் தோப்புமணிப் பக்கம் தள்ளிவிடப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆண்டிச்சாமிக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது. அவியளையும் கூட இழுத்துப் போடுங்க என்றார்.

முகப்பின் அடியில் இங்கிலீசில் ஒரு வாசகம் உண்டு, இலவசமாக வைக்கிற ப்ரோக்ராம்களில் வழக்கமாக ஒட்டிவைப்பது. உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை, எது நேர்ந்தாலும் எழுதியவர் பொறுப்பில்லை. அது காப்பாற்றாதா என்று ஜெயசித்ரா கேட்டாள். காஞ்சனா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நல்ல வாதம்தான், ஆனால் முழு வாதம் இல்லை. படித்துப் பார்த்து எடுத்தவரிடம் சொல்லலாம். படிக்காமல் கொட்டகையில் படுத்திருந்தவரிடம் செல்லுமா என்று நீதிபதிதான் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வழக்கை இந்தக் கோர்ட்டில் நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு வழி சொன்னாள். ஆண்டிச்சாமி கம்ப்யூட்டரே தொடாதவர் என்று மட்டும் பதில் போடுவோம். அவர் வெளியே வந்துவிடுவார். அமுக்கினது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும். அதுவரைக்கும் விஜயபாண்டி வீட்டுப் பக்கம் போகாதீர்கள். வாயைக் கொடுத்தால் அதுவே சாட்சி.

இரண்டு பேரும் தப்பிக்கிற வழி. அதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்த பிறகாவது அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், எட்டாம் நாள். அந்தப் பழைய திருத்தத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமியின் போட்டோ அவளைப் பார்த்தது. வேதாந்த் போன் பண்ணி அழுதான். நீ எழுதினாய், எழுதுவது தப்பில்லை, பார்க்காமல் சேர்த்தது நான் என்று அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அதே வார்த்தையைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

பதினோராம் நாள் கடையைப் பூட்டினாள். வக்கீல் போகாதே என்ற இடத்துக்குப் போனாள். மம்சாபுரத்தில் விஜயபாண்டியின் வீடு. அவர் கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். மனைவி கருத்தம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று, அவளால் உட்கார்ந்திருக்க முடியாது.

மணியைப் பற்றிப் பேச வந்தேன் என்றாள். அந்த இங்கிலீஷ் வாசகத்தை போனில் எடுத்து வரிக்கு வரி தமிழில் சொன்னாள். விஜயபாண்டி பொறுமையாகக் கேட்டார்.

"இத எப்பம்மா எழுதி வச்சது?"

"ஆறு வருசம் ஆச்சுண்ணே."

"எந்த இடத்துல?"

"ப்ரோக்ராம் இருக்கிற பக்கத்துல. அடியில."

கருத்தம்மா பசையைத் துடைத்துக்கொண்டே, "கொட்டகையில எழுதி ஒட்டலையாக்கும்" என்றாள்.

விஜயபாண்டி அவளைக் கையமர்த்தினார். "நீங்க சும்மாதான குடுத்திய, அத நான் குத்தம் சொல்லல. சில நேரம் அடிக்காதுன்னு ஒரு வார்த்த, ஒரே வார்த்த, சொல்லியிருந்தா நாய அவுத்து விட்டுட்டுப் படுத்திருப்பேன். நல்ல நாயி, ஆனை வாடைக்கே குலைக்கும். போன்தான் இருக்கேன்னு மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

ஜெயசித்ராவின் கால் அப்போது நின்றது. "பாக்காம சேத்தது நான்தாண்ணே. பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது. பட்டன அமுக்கினது நான்" என்றாள்.

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "ஒம் பேரு என்னது?"

"ஜெயசித்ரா."

"மொதலாளி கையெழுத்துப் போடச் சொன்ன காயிதத்துல அப்பிடி ஒரு பேரு இல்லையே."

"இல்ல."

"பொறவு எதுக்கு வந்த?"

கருத்தம்மா எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயசித்ரா குடித்துவிட்டு வெளியே வந்தாள். அங்கிருந்து நேராக காஞ்சனாவிடம்தான் போனாள்.

பதிலில் என் பேரைப் போடுங்கள் என்றாள். காஞ்சனா பேனாவை மூடி வைத்தாள். போய்ப் பேசியும் விட்டீர்களா என்று தலையில் கைவைத்தாள். வாதம் எல்லாம் இருக்கிறது, வாசகம் இருக்கிறது, ஸுந்தரராஜன் சொல்ல வேண்டிய பதில் இருக்கிறது; எல்லாவற்றையும் எழுதுவேன், ஆனால் பேர் ஒன்றை எழுதிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்றாள். "உங்க பேர்ல வீடு இருக்கில்ல? அத யோசிச்சீங்களா?"

"பதினோரு நாளா அத மட்டும்தான் மேடம் யோசிச்சேன். போதும்."

பதில் போயிற்று. வீட்டில் கணவர் இரண்டு நாள் பேசவில்லை; மூன்றாம் நாள், கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸில் போகணும் என்று கேட்டார். அவர் அப்படித்தான்.

அதே வாரம் முகப்பை மாற்றினாள். தலைமையை எடுத்தாள், முன்னிலையை எடுத்தாள், மீசைப் போட்டோவை எடுத்தாள். உச்சியில் தமிழில், பெரிய எழுத்தில் போட்டாள்: இதைப் பார்த்துச் சேர்ப்பவர் ஜெயசித்ரா. இந்த மணி சில நேரம் அடிக்காது. நாயையும் ஆளையும் விட்டுவிடாதீர்கள். அதன் கீழே இரண்டே விதி. காவலுக்குப் படுக்கிற ஒருவர் தோப்பில் ஒரு வாரம் கேட்டுப் பார்த்துச் சரி சொல்லாமல் எந்தத் திருத்தமும் சேராது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத் தோப்பிலும் ஒரு தடவை மணி அடிக்கும். அடிக்கவில்லையென்றால் அன்றைக்கு மணி இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் பழக்கத்தை அழித்தாள். கொட்டகைகளில் ஒட்டுவதற்கு அதையே அட்டையில் அச்சடித்து, ஸ்கூட்டரில் தோப்புத் தோப்பாகப் போனாள்.

நோட்டீஸ் வந்ததற்குக் கோபப்படாத ஆண்டிச்சாமி, பேரை எடுத்ததற்குக் கோபப்பட்டார். கோயம்புத்தூரில் இருக்கிற பேத்தி போன் பண்ணி, தாத்தா உங்க போட்டோவைக் காணோம் என்று சொல்லிவிட்டாள். அவர் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார். வழியில் பார்த்தால் அடுத்த பக்கம் கடந்து போனார். பந்தியில் உட்காரவைத்து எழுப்பின மாதிரி என்று டீக்கடையில் சொன்னாராம். அவரைக் காப்பாற்றத்தானே எடுத்தேன் என்று அவளுக்கு ஆதங்கம். காப்பாற்று என்று நான் கேட்டேனா என்று அவருக்கு வீம்பு. இரண்டு பேரும் சரி, அதனால்தான் தீரவில்லை.

இனிமேலாவது சங்கமாகப் பதிந்துகொள்ளுங்கள் என்று காஞ்சனா சொல்லியிருந்தாள். ஏழு பேர் கையெழுத்து வேண்டும், துணைவிதி வேண்டும். நடந்துபோனதற்கு அது குடை பிடிக்காது, வரப்போவதற்கு ஆகும். முகப்பில் வரவேற்புரை, வாழ்த்துரை என்று இருந்த எட்டுப் பேருக்கும் போன் போட்டாள். முன்னே என் பேர் ஏன் மூன்றாவதில் வந்தது என்று சண்டை பிடித்தவர்களே இப்போது கடைசியில் போடு, முடிந்தால் போடாதே என்றார்கள். எப்படியோ அவளோடு சேர்த்து ஆறு தேறியது. ஏழாவது வரி காலியாகவே கிடந்தது.

பங்குனி பிறந்து நாலாம் நாள், மத்தியானம், கடைக்குத் தபால்காரர் வந்தார். அதே வக்கீல், அதே மாதிரி நீள உறை. மேலே ஜெயசித்ரா என்று அச்சடித்திருந்தது. வரப்போகிற வழக்கில் இனி அவள்தான் முதல் பிரதிவாதி, ஆண்டிச்சாமியை விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கினாள், நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறந்தாள். புளிச்சோறு. அது தொண்டையில் இறங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

பாதிச் சோற்றில் வாசலில் நிழல் விழுந்தது. ஆண்டிச்சாமி. உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையில் கிடந்த உறையைப் பார்த்தார், எடுத்தார், கண்ணாடியைப் போட்டு மேலே இருந்த பேரைப் படித்தார்.

"மொதப் பேரா ஒன்னையப் போட்டிருக்கான்."

"ஆமா சித்தப்பா."

"சரியாத்தான் போட்டிருக்கான்." உறையைத் திரும்ப வைத்தார். பக்கத்தில் சங்கம் பதிவதற்கான ஃபாரம் கிடந்தது. ஆறு பேரையும் விரலால் எண்ணினார். பேனாவைக் கேட்காமலே எடுத்து, ஏழாவது வரியில் ஹவில்தார் என்பதையும் சேர்த்து நிதானமாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"நேத்து ஆறு மணிக்கு எந் தோப்புல மணி அடிக்கல. யாரு பொறுப்பு?"

ஜெயசித்ரா டிபன் பாக்சை மூடினாள். கையைக் கழுவினாள். "நான்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.